கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு பி.எட்.: எங்கே சேர்வது, பணத்துக்கு என்ன வழி?

ஜூன் 5, 2025 – ஒரு வாசகரின் கேள்வி

அக்கா, 2022-இல் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தேன், 61 சதவீதம். மருந்து கம்பெனி லேப்பில் ஷிப்ட் வேலை, சம்பளம் 18 ஆயிரம். பி.எட். சேரலாம் என்று இருக்கிறேன். பக்கத்து மாவட்டக் கல்லூரி ஒன்றில், “வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் போதும், மொத்தமாகப் பேசி ஒரு தொகை கட்டிவிடுங்கள், பயிற்சிக்கு எழுத வேண்டிய ரெக்கார்டு நோட்டும் நாங்களே ஏற்பாடு செய்கிறோம்” என்கிறார்கள். வேலையும் போகாது, டிகிரியும் வந்துவிடும். இதில் என்ன தப்பு?

ஜூன் 5, இரவு

வேண்டாம் தம்பி. காரணத்தைச் சனிக்கிழமை எழுதுகிறேன். நாளை ஏழாம் வகுப்புக்கு அளவீட்டியல் தொடங்க வேண்டும், பீக்கர் எத்தனை உடையாமல் இருக்கிறது என்றே இன்னும் பார்க்கவில்லை.

ஜூன் 7

விதியிலிருந்து வருகிறேன். இன்றைய பி.எட். என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி நடப்பது. அதற்கு முன்னால் ஒரு வருடம், அதன்பின் இரண்டு வருடம். வருடத்துக்குக் குறைந்தது 200 வேலை நாள். வகுப்புக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். அந்தப் பயிற்சி மொத்தம் 20 வாரம்: முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. வாரத்துக்கு ஒரு நாள் போதும் என்கிற கல்லூரி இந்த நாட்களை எப்படிக் காட்டும்? உங்கள் பெயருக்கு நேராக யாரோ கையெழுத்துப் போடுவார்கள். அது உங்கள் பெயரில் இருக்கிற பொய் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது பணம். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் இப்படித்தான் சேர்ந்தார். ஒரு லட்சம் பேசினார்கள், சேரும்போது பாதி வாங்கினார்கள், ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் “வெரிபிகேஷனுக்கு” என்று வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டார்கள். முதல் வருடம் சத்தமே இல்லை. இரண்டாம் வருடம் கமிஷன், அதாவது செய்முறைத் தேர்வுக் குழு, வருகிற நேரத்தில் தனியாக ஒரு தொகை. ஹால் டிக்கெட்டுக்கு ஒன்று. வராத நாட்களைப் பொறுத்துக்கொள்வதற்கு “கண்டனேஷன்” கட்டணம் என்று ஒன்று. கேள்வி கேட்டால், சான்றிதழ் அவர்கள் பீரோவில். கடைசியில் ஒழுங்காகப் போய்ப் படித்த எனக்கு ஆன செலவைவிட அவருக்குக் கூடுதல். மொத்தமாகப் பேசி என்று ஒருவர் சொன்னாலே அந்தத் தொகையில் எதெல்லாம் அடங்காது என்றுதான் கேட்க வேண்டும்.

மூன்றாவது விஷயத்தை நான் சொன்னால் பிரசங்கம் மாதிரி இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். பயிற்சிக்குப் போன இரண்டாவது வாரம் ஒன்பதாம் வகுப்பில் மோல் நடத்தினேன். ஒரு மோலில் இருக்கிற துகள்களின் எண்ணிக்கை என்று கரும்பலகையில் 6.022 × 10²³ என அழகாக எழுதினேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, “மிஸ், அதை யார் எண்ணினாங்க?” என்றான். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டான். எனக்கு வாய் அடைத்துப் போனது. மூன்று வருடம் கெமிஸ்ட்ரி படித்தவள், அந்த எண் எப்படி வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நாளை சொல்கிறேன் என்று தப்பித்து, ராத்திரி உட்கார்ந்து தேடினேன். மின்னாற்பகுப்பில் ஒரு மோல் வெள்ளி படிய எவ்வளவு மின்னூட்டம் வேண்டும், ஒரு எலக்ட்ரானின் மின்னூட்டம் எவ்வளவு, ஒன்றை ஒன்றால் வகு. அவ்வளவுதான். மறுநாள் அதை 14 வயதுப் பையனுக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல நாலு தடவை முயற்சி செய்தேன், நாலாவதுதான் எடுபட்டது. வாரத்துக்கு ஒரு நாள் போனவருக்கு அந்தப் பையன் கிடைக்கமாட்டான். வேலைக்குச் சேர்ந்த பிறகு, சம்பளம் வாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான் கிடைப்பான்.

ஜூன் 8

நேற்றைய பதிலில் தகுதி மதிப்பெண்ணைச் சொல்லவில்லை. பட்டத்தில் 50 சதவீதம் என்பது பொதுப் பிரிவுக்கு. நம் மாநிலத்தில் பி.சி.க்கு 45, எம்.பி.சி.க்கு 43, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. உங்கள் 61 எந்தக் கணக்கிலும் தேறும். இன்ஜினியரிங் முடித்தவர்களும் சேரலாம், அவர்களுக்கு தேசியக் குழுமம் வைத்தது 55.

ஜூன் 8, மாலை

தனியாகச் செய்தி அனுப்பிய தங்கைக்கு: பயோடெக் படித்தவர் எந்தக் கற்பித்தல் பாடம் எடுப்பது என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்காதீர்கள். காலியாக இருக்கிற இடத்தைச் சொல்வார்கள். சேர்க்கைக் கையேட்டில் எந்தப் பட்டம் எந்தப் பாடத்துக்கு என்று அட்டவணை இருக்கும், அதில் உங்கள் பட்டத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அதன்பிறகு, அந்தப் பட்டம் தாய்ப் பாடத்துக்கு, அதாவது அதன் அடிப்படைப் பாடத்துக்கு, இணை என்று அரசாணை இருக்கிறதா என்றும் பாருங்கள். சேர்வதற்கு அது தேவைப்படாமல் போகலாம். அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கும்போது தேவைப்படும்.

ஜூன் 11

பணக் கணக்கு. என்னுடையதையே போடுகிறேன், 2017 முதல் 2019 வரை, சுயநிதிக் கல்லூரி. கல்லூரிக்கு இரண்டு வருடத்தில் 92,000 கட்டினேன். ரசீது வந்தது 75,000-க்கு. மீதி 17,000 எதற்கு என்று இன்றுவரை தெரியாது. “டெவலப்மென்ட்” என்று வாயால் சொன்னார்கள். ரெக்கார்டு நோட்டு, சார்ட், தெர்மாகோல், மாடல், பிரிண்ட், பைண்டிங் என்று ஒரு 11,000. பஸ். புடவை. ஆமாம், புடவை. பயிற்சிப் பள்ளிக்குப் புடவைதான் கட்ட வேண்டும் என்றார்கள், அதுவரை என்னிடம் இருந்தது இரண்டு.

ஆனால் தம்பி, இதெல்லாம் சில்லறை. உங்கள் சம்பளம் 18 ஆயிரம் என்றீர்கள். இருபத்து நாலு மாதத்துக்கு 4,32,000. பி.எட்.டின் உண்மையான கட்டணம் அது. கல்லூரி கேட்கிற தொகையை மட்டும் பார்த்துவிட்டு “பரவாயில்லை, சமாளிக்கலாம்” என்று சேர்ந்தவர்கள்தான் இரண்டாம் வருடம் பள்ளிப் பயிற்சிக்கு நடுவில் நின்றுபோகிறார்கள். பதினாறு வாரம் முழு நேரம் பள்ளியில் நிற்க வேண்டும், அதற்கு உதவித்தொகை எதுவும் கிடையாது. வீட்டில் யாராவது ஒருவர் அந்த நாலு மாதத்தைத் தாங்க முடியுமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

ஜூன் 12

“ரெக்கார்டு எழுதித் தர ஆள் இருக்கிறார்களாமே, எவ்வளவு?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

ஜூன் 20

இன்று அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் திறந்துவிட்டது. ஜூலை 9 கடைசி. விண்ணப்பக் கட்டணம் 500, எஸ்.சி., எஸ்.டி.க்கு 250. இணையத்தில்தான் நிரப்ப வேண்டும்.

தம்பி, இங்கேதான் உங்கள் 61 சதவீதத்தை முதலில் போட வேண்டும். மாநிலம் முழுக்க 7 அரசுக் கல்லூரிகள், 14 உதவி பெறும் கல்லூரிகள், மொத்தம் 2,040 இடம். நுழைவுத் தேர்வு கிடையாது, பட்ட மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை. திருவல்லிக்கேணி சீமாட்டி வெலிங்டன் நிறுவனம், 1856-இல் தொடங்கிய சைதாப்பேட்டைக் கல்லூரி, குமாரபாளையம், ஒரத்தநாடு, புதுக்கோட்டை என்று பட்டியல் போகும். அரசுக் கல்லூரியில் கட்டணம் சில ஆயிரத்தோடு முடிந்துவிடும். நான் ஏன் அங்கே போகவில்லை? விண்ணப்பிக்கவே இல்லை. “நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும்” என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு நேராகச் சுயநிதிக் கல்லூரி வாசலில் போய் நின்றேன். அந்த வருடம் என்னைவிடக் குறைந்த மதிப்பெண் வைத்திருந்த பெண் ஒருத்தி உதவி பெறும் கல்லூரியில் படித்தாள். டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) கோச்சிங்கில் சந்தித்தபோது சொன்னாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். என்.சி.இ.ஆர்.டி.யின் கீழ் இருப்பது, தென் மாநிலங்களுக்கெல்லாம் பொது, நல்ல இடம். அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு. தம்பி அடுத்த வருடத்துக்குத்தான் யோசிக்க முடியும்.

ஜூன் 24

கடன். மூன்று நாளாக இதைத்தான் எல்லோரும் கேட்கிறீர்கள்.

கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிக்கு அனுப்பலாம். 4 லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது, நம் பங்காகப் பணம் போடவும் வேண்டியதில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். பி.எட். இரண்டு வருடம் என்றால் மூன்று வருட அவகாசம். ஆனால் அந்த மூன்று வருடமும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், நம் ஆட்கள் மறந்துவிடுவது இதைத்தான். மாதாமாதம் வட்டியை மட்டுமாவது கட்டிவந்தால் பின்னால் மூச்சு வாங்காது.

என் கதை வேறு. அப்பா நகைக்கடன் வைத்திருந்தார், இரண்டு வருடம் மழை இல்லை, புதுப்பிக்கவும் இல்லை. பேங்க் மேனேஜர் கம்ப்யூட்டரில் எதையோ பார்த்துவிட்டு, “அப்பாவோட சிபில் சரியில்லையேம்மா” என்றார். அப்பாவுக்கு அது என்னவென்றே தெரியாது, ஏதோ போலீஸ் விஷயம் என்று நினைத்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசவில்லை. அதனால் சொல்கிறேன்: விண்ணப்பிக்கும் முன்னால் அப்பா, அம்மா இரண்டு பேரின் சிபில் அறிக்கையையும், அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினார்களா என்று காட்டும் அறிக்கையை, எடுத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை இலவசம். பழைய பாக்கி சின்னதாக இருந்தால் கட்டி முடித்துவிட்டுப் போங்கள். அறிக்கையில் ஏற சில வாரம் ஆகும்.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அவகாசக் கால வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் உண்டு. ஆகவே வட்டி பற்றிப் பயப்பட வேண்டாம்.

ஜூன் 25

நேற்று எழுதிய கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு சார் திருத்தினார், அவர் சொன்னதுதான் சரி. அந்த வட்டி மானியம் 2018-இலிருந்து எல்லாக் கல்லூரிக்கும் கிடையாது. நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) தரச்சான்று வாங்கிய கல்லூரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மத்திய அரசு நிதியில் நடக்கும் நிறுவனமாக இருக்க வேண்டும். சுயநிதி பி.எட். கல்லூரி என்றால் சேரும் முன்பே அந்தச் சான்றின் நகலைக் கேளுங்கள், தேதி முடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் கல்லூரிக்கும் இந்தப் படிப்புக்கும் மானியம் வருமா என்று வங்கியிலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் படிப்பை நிறுத்தினால் மானியம் போய்விடும்.

வருமான வரியில் 80-இ பிரிவு இருக்கிறதே என்று கேட்டவருக்கு: இருக்கிறது. கட்டிய வட்டி முழுக்க எட்டு வருடம் கழித்துக்கொள்ளலாம், பழைய வரிமுறையில் இருந்தால். ஆனால் அதற்கு வரி கட்டுகிற அளவு சம்பளம் வர வேண்டும். நான் சேர்ந்த முதல் பள்ளியில் மாதம் 9,500. வரி இலாகாவுக்கும் எனக்கும் பழக்கமே இல்லை.

ஜூன் 27

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு: போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அது கிடைக்காது. இதைச் சேர்க்கை நேரத்தில் எந்தக் கல்லூரியும் வாய் திறந்து சொல்வதில்லை. “எந்தக் கோட்டாவில் போடுகிறீர்கள்?” என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஜூலை 2

பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஒரு வருட பி.எட். திரும்ப வருகிறதாமே, காத்திருக்கலாமா என்று ஐந்தாறு பேர் கேட்கிறீர்கள். பிப்ரவரியில் தேசியக் குழுமம் வெளியிட்டது வரைவு. அதிலும் ஒரு வருடம் என்பது நாலு வருடப் பட்டம் அல்லது முதுகலை முடித்தவர்களுக்கு. மூன்று வருட பி.எஸ்ஸி. வைத்திருக்கிற தம்பிக்கு அதில் ஒன்றும் இல்லை. வரைவை நம்பி வயதைக் கடத்தாதீர்கள்.

தொலைநிலையில் பி.எட். படித்தால் வேலையை விட வேண்டாமே என்பவர்களுக்கு: அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கு, உதாரணமாக டிப்ளமோ முடித்துத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்கு. லேப்பில் டைட்ரேஷன் போடுகிறவருக்கு அல்ல.

ஜூலை 3

ஒன்று விட்டுப்போனது. தமிழ் வழியில் படித்தவர்கள் பி.எட்.டையும் தமிழ் வழியிலேயே படியுங்கள். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2020-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து கடைசித் தகுதி வரை எல்லாமே தமிழ் வழியாக இருக்க வேண்டும். பன்னிரண்டு வருடம், அப்புறம் பட்டம், எல்லாம் தமிழில் படித்துவிட்டு, “இங்கிலீஷ் மீடியம் கெத்து” என்று பி.எட்.டில் மாறி அந்த ஒதுக்கீட்டை இழந்தவர்களை எனக்குத் தெரியும். கெத்து இப்போது இல்லை.

ஜூலை 13

பத்து நாளாக ஒரு செய்தி மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. ஓர் அக்கா எழுதியிருந்தார்: “இரண்டு குழந்தை, மாமியார் படுக்கையில், ஊரிலிருந்து கல்லூரி 50 கிலோமீட்டர். என்னைப் போன்றவள் வராமல் படிக்கும் கல்லூரியில் சேராமல் வேறு எங்கே சேர்வாள்? நீங்கள் நியாயம் பேசுவது சுலபம்.”

முதலில் கோபம் வந்தது. அப்புறம் ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டாம் வருடப் பயிற்சியின்போது நானும் ஒன்பது நாள் மத்தியானத்தோடு கிளம்பினேன். கட்டணம் கட்ட டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன், பரீட்சை நேரம், பிள்ளைகளை விட முடியவில்லை. வழிகாட்டி ஆசிரியை, பாவம் நல்லவர், மாலைக் கையெழுத்தைக் காலையிலேயே போட்டுக்கொள்ளச் சொன்னார். போட்டேன். அந்த ஒன்பது நாளில்தான் பத்தாம் வகுப்புக்கு 25 மதிப்பெண் செய்முறைக்குப் பயிற்சி நடந்தது. முதல் முதலாகத் தனியாகச் செய்முறை வகுப்பு எடுத்தபோது நாற்பது பிள்ளைகள், மூன்று லென்ஸ், ஒரு மெழுகுவர்த்தி. எனக்குக் கைகால் ஓடவில்லை. ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கும் என்பதுகூடத் தெரியவில்லை. தலைமையாசிரியர் அறையில் ஆணியில் தொங்கியது.

ஆகவே ஜூன் 7-இல் நான் எழுதியது, என்னவோ நான் முழுக்க ஒழுங்காகப் போய் வந்தவள் போலத் தொனிக்கிறது. அப்படி இல்லை. அந்த அக்காவுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இரண்டு வருடப் படிப்பை மூன்று வருடத்துக்குள் முடிக்க விதியில் இடம் உண்டு, அதைக் கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். தம்பிக்கு நான் சொன்னது மாறவில்லை. அவருக்கு 24 வயது, வீட்டில் சம்பாதிக்கிற அண்ணன் இருக்கிறார்.

ஜூலை 14

கெமிஸ்ட்ரிக்காரர்களுக்கு எச்சரிக்கை: பி.எட்.டில் உங்கள் பாடம் இயற்பியல் அறிவியல். பள்ளியில் அது ஒளியியலும் மின்னோட்டவியலும் சேர்த்துத்தான். ஆறாம் வகுப்பு கொடுத்தால் தாவரங்களும் உங்கள் தலையில். எனக்கு இன்னமும் ஒருவித்திலையையும் இருவித்திலையையும் விதையை உடைத்துப் பார்த்துத்தான் சொல்லத் தெரியும்.

செப்டம்பர் 4

பள்ளி முழுக்க ஒரே பேச்சு. முதல் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களும், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால், இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும். எங்கள் ஸ்டாப் ரூமில் இருபது வருடம் கணக்கு நடத்தியவர் டெட்டுக்கான குழந்தை வளர்ச்சிப் புத்தகத்தை வாங்கிவந்து முதல் பக்கத்தைப் பிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

புதிதாக வருகிறவர்கள் முழுப் பாதையையும் தெரிந்துகொண்டு வாருங்கள். பி.எட். முடித்ததுமே வேலை கிடைத்துவிடாது. அதன்பின் டெட் இரண்டாம் தாள், 150-க்கு 90, ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு அதைவிடக் குறைவு. தேறினாலும் 2018-இன் 149-ஆம் அரசாணைப்படி நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு. அப்படி நடந்த பட்டதாரி ஆசிரியர் தேர்வு 2024 பிப்ரவரி 4-இல். டெட் சான்று இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும் என்பது ஒன்றுதான் ஆறுதல். எம்.எஸ்ஸி.யும் அதே பாடத்தில் முடித்தால் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம், அதற்கு டெட் கேட்பதில்லை. கடன் வாங்கும்போது தவணை தொடங்குகிற மாதத்தில் அரசு வேலை இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். தனியார் பள்ளிச் சம்பளத்தில் கட்ட முடிகிற தவணைக்குத்தான் வாங்க வேண்டும்.

செப்டம்பர் 6

தம்பியிடமிருந்து செய்தி. உதவி பெறும் கல்லூரியில் இடம் கிடைத்து, வகுப்புக்குப் போக ஆரம்பித்துவிட்டார். லேப் வேலையை விட்டாயிற்று. சனி, ஞாயிறு ஒரு டியூஷன் சென்டரில் பதினொன்றாம் வகுப்புக்குக் கெமிஸ்ட்ரி. கடன் வாங்கவில்லை, மூன்று வருடச் சேமிப்பு இருக்கிறதாம், முதலிலேயே சொல்லியிருக்கலாம். இப்போது கேட்பது: “அக்கா, நுண்நிலைக் கற்பித்தலுக்கு, அந்தக் குட்டிப் பயிற்சி வகுப்புக்கு, ஆறு நிமிடம்தான் தருகிறார்கள். மோல் எடுக்கலாமா?”

வேண்டாம் தம்பி. ஆறு நிமிடத்தில் மோல் முடியாது. லிட்மஸ் தாளும் எலுமிச்சையும் எடுத்துப் போங்கள். சோப்புத் தண்ணீரும் கொஞ்சம், பாட்டிலை இறுக மூடி.